பிரபுக்களுக்கான பதினொரு பிரதிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நான் செய்த குற்றம், ஒரு பக்கத்தில் இருந்த பிழைகளை எல்லாம் திருத்தியது.

“ஆறு மிஸ்டேக் விட்டிருக்கணும் ப்ரோ,” என்றான் தணிகைவேல். அவன் எங்கள் குழுத்தலைவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். லத்தீனில் ஓர் எழுத்தும் அறியாதவன், ஆகவே தலைவன். “லைப்ரரி காப்பில ஆறு இருக்கு. நீங்க ஜீரோ ஆக்கிட்டீங்க. குவாலிட்டி அவுட்.”

“பிழையே இல்லாம இருக்கது குவாலிட்டி இல்லையா?”

“மேட்ச் ஆவுறதுதான் ப்ரோ குவாலிட்டி.”

எங்கள் நிறுவனம் ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு பைக் ஷோரூமுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது. இருபத்தைந்து வருடங்களாக உலகத்துப் பதிப்பகங்களுக்கு எல்லாம் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த நிறுவனம். பிறகு அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. நிகழ்காலத்தில் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டாம் என்று ஆனதும், நிர்வாகம் இறந்தகாலத்தில் வாடிக்கையாளர் தேடியது.

அப்படிக் கிடைத்தவர் மெஸ்ஸேர், அதாவது ஐயா, எர்மீனியோ சால்வி. வெனிஸ் நகரத்து அச்சகர், பண்டிதர், கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஐந்நூற்று முப்பது ஆண்டுகளும் ஓர் உலோகப் பெட்டியும் இருந்தன. செருப்புப் பெட்டி அளவுதான். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் ‘பொந்து’ என்பார்கள். இந்த முனையில் ஒரு தாளை வைத்தால் அந்த முனையில், அவருடைய அச்சுக்கூடத்து மாடியில், எடுத்துக்கொள்ளலாம். நூறு கிராமுக்கு மேல் எதுவும் நுழையாது. இரண்டு பக்கமும் நாட்கள் ஒரே வேகத்தில் நகரும். காலை பதினொன்றரைக்கு ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை திறக்கும். திறக்கும்போது தெருவில் விளக்குகள் மங்கும். எதிர்ப்புற மாவு மில்காரர் வெளியே வந்து, பெயர் சொல்லாமல் எங்களைத் திட்டுவார். பெட்டியின் மறுமுனை அங்கே எப்படிப் போனது என்று கேட்டால் தணிகைவேல், “அது ஆர் அண்ட் டி” என்பான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

லத்தீன் தெரிந்தவர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தபோது ஐந்து பேர் வந்தோம். ஐவரும் குருமடத்தை விட்டு ஓடிவந்தவர்கள். நான் தூத்துக்குடிக்காரன், பெயர் ரெமிஜியுஸ் மச்சாது. ஏழு வருடம் லத்தீன் படித்து, பூசை வைக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் மெய்ப்புப் பார்ப்பதற்கு நல்ல தகுதி என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள்.

வெனிஸ் என்றதும் நான் கண்ட கனவே வேறு. மாவட்ட நூலகத்தில் அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் அந்த நகரத்தை நான் ஏற்கெனவே நடந்து முடித்திருந்தேன். தண்ணீரில் ஆடும் மாளிகை நிழல்கள், கல்பாலத்தில் நிற்கும் முகமூடிப் பெண், பனியில் மணியோசை. வேலையில் எனக்குக் கிடைத்த வெனிஸ், ஒரு நாளைக்கு ஒரு தாள். ஆளிவிதை எண்ணெய் நாற்றம். ஒருமுறை தாளின் மடிப்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அதைப் பர்சில் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தணிகைவேல், “ப்ரோ, உங்க பர்ஸ் நாறுது” என்றான்.

எர்மீனியோ எங்களைத் துறவிகள் என்று நம்பினார். இந்தியாவில், புனித தோமையாரின் கல்லறை அருகே மயிலாப்பூரில், வேதபாடங்களைத் திருத்தியபடி வாழும் சகோதரர்கள். நாங்களும் மறுக்கவில்லை. மயிலாப்பூர் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கூப்பிடு தூரம்தானே. ‘வணக்கத்துக்குரிய மடத்தலைவர் தணிகவேலுஸ் அவர்களுக்கு’ என்று ஒரு கடிதம் வந்தது. அதைத் தணிகைவேல் சட்டமிட்டு மேசையில் வைத்திருக்கிறான்.

அவர் எங்களுக்குக் கூலியாக அனுப்பியது வெற்றுத்தாள். கந்தல் துணியைக் கூழாக்கிக் கையால் வார்த்த அசல் வெனிஸ் தாள். நிறுவனம் அதைக் கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு விற்றது. மனிதகுலத்தின் ஞானத்தை அந்தத் தாளில் அச்சிட்டு அனுப்பினால் இங்கே வாங்க ஆளில்லை. அச்சிடாமல் அனுப்பினால் அண்ணாநகரில் வரிசையில் நிற்கிறார்கள்.

வேலை எளிது. எர்மீனியோ அச்சுக்கோத்து, ஒரு மெய்ப்புத்தாளை அனுப்புவார். அதே புத்தகத்தின் பழைய பிரதிகள் இன்று ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. அவற்றின் படம் எங்கள் கணினியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூலகப் பிரதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரும்வரை மெய்ப்பில் பேனாவால் குறிக்க வேண்டும். மெய்ப்பில் நாற்பது பிழை, நூலகப் பிரதியில் ஆறு என்றால் முப்பத்து நான்கைத் திருத்த வேண்டும். சில சமயம் மெய்ப்பு சரியாக இருக்கும், நூலகப் பிரதி தப்பாக இருக்கும். அப்போது தப்பைப் போடச் சொல்லி எழுத வேண்டும். சொன்னபடி செய்துவிட்டு அவர் எங்களுக்கு நன்றியும் எழுதுவார்.

“மாறினா என்ன ஆகும்?” என்று ஒருமுறை தணிகைவேலிடம் கேட்டேன்.

“யாருக்கும் தெரியாது ப்ரோ. அதனாலதான் மாறக்கூடாதுன்றாங்க. நமக்கு லைசென்ஸ் குடுத்த வாரியத்துலேர்ந்து மாசா மாசம் ஆடிட் வருது. ஒரு எழுத்து ஒத்துப்போவலைன்னா லைசென்ஸ் கேன்சல். அறுபத்து நாலு பேர் வீட்டுக்குப் போணும்.”

எர்மீனியோவின் ஒரு கடிதத்தை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். ‘முன்னோரின் நூல்கள் போரில் காயம்பட்ட வீரர்களைப் போல நம்மிடம் வந்து சேர்கின்றன. படியெடுத்தவர்களின் தூக்கமும் அறியாமையும் அவர்களை வெட்டியிருக்கின்றன. ஒவ்வொரு காயத்தையும் நான் தைப்பேன்.’ இதைத் தணிகைவேலுக்குத் தமிழில் சொன்னேன்.

“சூப்பர்,” என்றான். “ஆறு காயத்தை மட்டும் தைக்க வேணாம்னு எழுதிடுங்க.”

தொடக்கத்தில் அந்த மெய்ப்புகளின் ஓரத்தில் வேறொருவரின் குறிகளும் இருக்கும். பழுப்பு மையில், எறும்பு நடந்ததுபோல் சின்னச் சின்ன எழுத்து. எழுதியவர் யானி, கிரீட் தீவைச் சேர்ந்த கிரேக்கர். கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த எர்மீனியோ வைத்திருந்த பண்டிதர். சொந்த ஊரை விட்டு வந்து, மூன்று மொழிகளில் பிழை பார்த்துப் பிழைத்தவர். நாங்கள் தவறவிட்டதை அவர் பிடிப்பார். நாங்கள் வேண்டுமென்றே விட்டதையும் பிடித்துவிடுவார், அதுதான் தொல்லை. இரண்டாம் மாதம் எறும்புகள் நின்றுவிட்டன. ‘கிரேக்கனை அனுப்பிவிட்டேன்,’ என்று எர்மீனியோ உற்சாகமாக எழுதியிருந்தார். ‘தூய சகோதரர்கள் நீங்கள் இருக்கும்போது அவன் எதற்கு? மேலும் அவன் நிறையச் சாப்பிடுகிறான்.’

“அந்தாளு வேலை நம்மளால போச்சு,” என்றேன்.

“நம்ம வேலை மெஷினால போச்சு,” என்றான் தணிகைவேல். “ரொட்டேஷன் ப்ரோ.”

ஏழாவது மாதம் ஒரு மருத்துவ நூல் வந்தது. வயிற்றுப் புழுக்களைப் பற்றிப் பழங்காலக் கிரேக்க வைத்தியர் ஒருவர் எழுதியது. எர்மீனியோவே லத்தீனில் மொழிபெயர்த்திருந்தார். பதினாலாவது தாளில் ஒரு மலைச்செடியின் வேர் வந்தது. அதை எப்படி இடிப்பது, எத்தனை சிட்டிகை கொடுப்பது என்று விளக்கிவிட்டு, அடுத்த வரியில் இப்படி இருந்தது: ‘ஏழு வயது நிரம்பாதவருக்கு இதைத் தரலாகாது, தந்தால் பொழுது விடியுமுன் மூச்சு அடங்கும்.’

நூலகப் பிரதியைத் திறந்தேன். அந்த வரி இல்லை. வேர், சிட்டிகைக் கணக்கு, அதற்கடுத்து நேராகப் பூண்டு பற்றிய பத்தி.

இன்னொரு நூலகத்தின் பிரதியைப் பார்த்தேன். அதிலும் இல்லை. மெய்ப்பில் சரியாக இருந்த ஒரு வரியைத் தூக்கச் சொல்லி நான் எழுத வேண்டும். என் பேனா, என் கையெழுத்து, புனித தோமையாரின் அதிகாரம்.

அதே உறையில் ஒரு கடிதமும் இருந்தது. கால்வாய்க்கு அக்கரையில் உள்ள கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம் பன்னிரண்டு பிரதிகளுக்குச் சொல்லியிருக்கிறதாம். நானூறு குழந்தைகள். இந்தக் கோடையில் புழுநோய் கடுமை. வேகமாக முடித்துக் கொடுங்கள் சகோதரரே.

“தணிகை,” என்று கூப்பிட்டேன். “கொஞ்சம் இங்கன வாரும்.”

வந்தான். திரையைப் பார்த்தான். நான் வரியைத் தமிழில் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“ப்ரோ, அவங்கல்லாம் செத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு.”

“இன்னைக்குக் காலைல உயிரோடதான் இருக்காவ. அங்க இப்போ மணி ஏழு. வரிசையா உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருப்பாவ.”

“பழைய காப்பில லைன் இல்ல. அப்போ ஆல்ரெடி நடந்து முடிஞ்சதுதானே?”

“அந்த வரிய நான் அடிச்சாத்தானே நடக்கும்? நான் இன்னும் அடிக்கலயே.”

“நீங்க அடிச்சதாலதான் காப்பில இல்ல.”

“ஏன் வே, நான் நானூறு பிள்ளைகளக் கொல்லப் போறேன்னு ஏற்கெனவே பதிஞ்சு வச்சிட்டு, இப்ப வந்து கையெழுத்து மட்டும் போடச் சொல்லுதீரா?”

தணிகைவேல் திரும்பித் தன் மேசையைப் பார்த்தான். அங்கே சட்டத்துக்குள் மடத்தலைவர் கடிதம் இருந்தது. “என் பொண்ணுக்கு நாலு வயசு ப்ரோ,” என்றான். “போன மாசம் நானே அவளுக்குப் புழு மருந்து குடுத்தேன். பாட்டில்ல சின்ன எழுத்துல போட்டிருந்ததைப் படிச்சுட்டுத்தான் குடுத்தேன். எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க. ஆனா அந்த லைனை விட்டா சிஸ்டத்துல ரெட் வரும். ரெட் வந்தா வாரியம் வரும்.”

“ஒரு நாள் தாரும்.”

“எதுக்கு?”

“தெரியல. யோசிக்கணும்.”

“கிளையண்ட் சைடு டிலேன்னு போட்டுக்கறேன். ஒரே ஒரு நாள்தான்.”

மாலை நான்கு மணிக்குப் பொந்தில் மெய்ப்பை வைக்கவில்லை. இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி வைத்தேன். எத்தனை பிரதிகள் அச்சிடுகிறீர்கள்? எல்லாம் ஒரே தாளா? விளக்குகள் மங்கின. மாவு மில்காரர் வந்து திட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை முழுவதும் நூலகப் பிரதிகளின் பட்டியலைப் பார்த்தபடி இருந்தேன். உலகம் முழுக்கத் தேடினால் அந்த நூலுக்கு இன்று இருப்பவை பதினொரு பிரதிகள். பதினொன்றும் தடித்த தாள். பதினொன்றும் தங்க முத்திரை போட்ட தோல் அட்டை. கோமகன் வீடு, கர்தினால் வீடு, வங்கிக்காரர் மாளிகை என்று ஒவ்வொன்றும் ஒரு பெரிய இடத்து அலமாரியிலிருந்து நேராக நூலகத்துக்கு வந்தவை. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு: நிலை, மிக நன்று.

மறுநாள் பதினொன்றரைக்குப் பதில் வந்தது. ‘ஆயிரம் பிரதிகள். அவற்றில் முதல் பதினொன்று மட்டும் தடித்த தாளில். பதினொரு பிரபுக்களுக்கு. இந்த நூல் தங்கள் ஒருவருக்கே சமர்ப்பணம் என்று பதினொன்றிலும் தனித்தனியாக முன்னுரை எழுதியிருக்கிறேன். இது நமக்குள் இருக்கட்டும். பிரபுக்கள் ஒருவரோடொருவர் புத்தகம் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.’

நான் எழுந்து தணிகைவேலின் மேசைக்கு ஓடினேன். நாற்பத்தொரு வயதுக்காரன் ஓடியதை அலுவலகம் நிமிர்ந்து பார்த்தது.

“ஆயிரம் அச்சடிச்சாரு. நம்ம கைல இருக்கது பதினொண்ணு. மிச்சம் எங்க போச்சு?”

“தொலைஞ்சிருக்கும்.”

“தொலையல. தேஞ்சிருக்கு. வைத்தியன் கைல, நாவிதன் பையில, மருந்துக் கடை எண்ணெய்ல கிடந்து, படிச்சுப் படிச்சுக் கந்தலாப் போயிருக்கு. படிச்ச புஸ்தகம் ஒண்ணுகூட மிஞ்சல. மிஞ்சின பதினொண்ணும் எவனும் தொறந்து பாக்காத புஸ்தகம். அதத்தான் நாம வரலாறுன்னு வச்சு எழுத்தெழுத்தா மேட்ச் பண்ணிட்டிருக்கோம்!”

“சரி. அதுக்கு?”

“வாரியம் எதோட ஒப்பிடும்?”

“இருக்குற காப்பியோட.”

“இல்லாத காப்பியோட?”

தணிகைவேலின் முகத்தில் ஏதோ மெதுவாக விடிந்தது. “இல்லாததோட எப்படி ப்ரோ…”

“அதான். தடித்தாள் பதினொண்ண மட்டும் முதல்ல அந்த வரி இல்லாம ஓட்டச் சொல்லுவோம். அப்புறம் அச்ச நிறுத்தி, வரியக் கோத்து, மிச்சம் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதயும் ஓட்டட்டும். பிள்ளைக இல்லத்துக்குப் போறது சரியான பிரதி. உமக்குப் பச்சை.”

அவன் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். விதிமுறைக் கோப்பைத் திறந்து பத்து நிமிடம் படித்தான். “இதுல இப்படிப் பண்ணக்கூடாதுன்னு எங்கயும் போடல,” என்றான், கோப்பின் மேலேயே ஏமாற்றம் அடைந்தவன்போல. “பண்ணலாம்னும் போடல. பண்ணுங்க. ஆனா என்கிட்ட சொல்லல, ஓகேவா?”

எர்மீனியோவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்று நினைத்தேன். பிழையில்லாத பாடம் அவருடைய மதம். அதிலும் பிரபுக்களின் பிரதியில் ஒரு வரி குறைவதா? உண்மையைச் சொல்ல முடியாது. வரியைத் தூக்குவதற்குக் காரணம் வேண்டும், அவர் நம்பும் காரணம். யோசித்துப் பார்த்து, என் ஏழு வருட லத்தீனில் மிக அழகான ஒரு வாக்கியம் எழுதினேன். ‘உயர்குடிக் குழந்தைகளின் வயிற்றிலும் புழு இருக்கக்கூடும் என்று அந்த வரி குறிப்பால் உணர்த்துகிறது, மேன்மைதங்கியவர்களின் கைக்குப் போகும் பதினொரு பிரதிகளில் அது இல்லாதிருப்பது மரியாதை.’

கூடவே ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். பன்னிரண்டாம் பிரதியில் அச்சை நிறுத்தி வரியைச் சேர்ப்பது நுட்பமான வேலை. அதைப் பக்கத்தில் நின்று பார்க்க யானியைத் திரும்ப அழைக்க வேண்டும்.

மறுநாள் பதில் வந்தது. மறுப்பு இல்லை, கேள்வி இல்லை. ‘எவ்வளவு நுண்ணிய யோசனை! இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! கடலுக்கு அப்பால் இருந்தும் எங்கள் பிரபுக்களை எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். கிரேக்கன் உப்புப் படகில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கூட்டிவந்துவிட்டேன். இப்போது முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறான்.’

மனித அறிவின் காயங்களைத் தைக்க வந்தவர். பிரபு மனம் நோகும் என்றதும் தானே பிளேடு எடுத்துக் கொடுத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இருப்பதாக அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சான தாள்கள் இரண்டு வந்தன. ஒன்று தடித்தது, வரி இல்லாதது. மற்றொன்று மெல்லியது, வரி இருந்தது. மெல்லிய தாளின் ஓரத்தில் எறும்புகள் திரும்பியிருந்தன. யானி எனக்கு நேராக எழுதியிருந்த முதல் குறிப்பு அது.

‘மடத்தில் இருப்பவர்கள் இப்படி யோசிப்பதில்லை. நீங்கள் யார் என்று கேட்கமாட்டேன். வேலை கிடைத்ததற்கு நன்றி. ஆனால் ஒன்று. அந்தப் பதினொரு வீடுகளில் குழந்தைகள் இல்லையா?’

 நான்கு மணிக்குப் பொந்து திறக்கும் முன் பதில் எழுதினேன். ‘இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளில் யாரும் புத்தகம் படிப்பதில்லை.’

அதற்கு யானி பதில் எழுதவில்லை.

மாதக் கடைசியில் வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் திரையைப் பார்த்தார், ஒருவர் காபியைப் பார்த்தார். பதினொரு பிரதிகளோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு நூறு. இந்தியாவிலேயே முதல்முறை. தணிகைவேலுக்கு ஒரு கேடயம், எங்கள் ஐவருக்கும் ஒரு பெட்டி மைசூர்பாகு. நிர்வாக இயக்குநர் பேசும்போது, வரலாற்றுக்கு நாம் செய்யும் சேவை என்றார். அதே வாரம் எர்மீனியோ எழுதியிருந்தார்: குழந்தைகள் இல்லத்தின் வைத்தியர் நேரில் வந்து நன்றி சொன்னாராம். சின்னக் குழந்தைகளுக்கு அந்த வேரைக் கொடுக்க இருந்தாராம். ‘ஏழு வயது’ என்ற வரி கண்ணில் பட்டதாம்.

தணிகைவேல் என் தோளைத் தட்டினான். “நானூறு பேர் ப்ரோ! உங்களுக்குச் சிலையே வைக்கலாம்.”

எனக்கு யானியின் கேள்வி மட்டும் பல்லில் மாட்டிய நாராக இருந்தது. மைசூர்பாகுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தளத்தின் மறுகோடிக்குப் போனேன். அங்கே படம் சுத்தம் செய்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நூலகங்களிலிருந்து வரும் படங்கள் முதலில் அவர்களிடம்தான் போகும். ஈரக்கறை, பூச்சி அரித்த ஓட்டை, தூசி எல்லாவற்றையும் நீக்கி, எழுத்து மட்டும் தெரியும்படி எங்களுக்குக் கொடுப்பார்கள். அந்த மருத்துவ நூலைச் சுத்தம் செய்தது ரெஹனா என்ற ஆம்பூர்ப் பெண்.

“பதினாலாவது தாள் மட்டும், சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்தத பாக்க முடியுமாம்மா? பதினொரு பிரதியும்.”

“அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி பண்ணது சார். நீங்கல்லாம் சேர்றதுக்கு முன்னாடி. இருங்க, இருக்கும்.” தேடினாள். “இந்த புக்கு ரொம்ப ஈஸி சார். அச்சடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு. பாருங்க.”

முதல் பிரதி. கன்னம்போல் வழுவழுப்பான தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பக்கங்களின் விளிம்பைக்கூட யாரும் வெட்டிப் பிரிக்கவில்லை, நூலகம்தான் பிரித்திருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

“இது ஒண்ணுதான் படுத்திடுச்சு,” என்றாள் ரெஹனா. “நாலாவது காப்பி. அதுலயும் இந்த ஒரு பக்கம் மட்டும்.”

கீழ்மூலை பலமுறை மடிக்கப்பட்டுத் துணிபோல் நைந்திருந்தது. பக்கத்தின் நடுவே மெழுகு சொட்டிய வட்டங்கள். இடது ஓரத்தில் எண்ணெய்ப் பசையோடு ஒரு கட்டைவிரல் ரேகை. சிறிய விரல், பெண்ணுடையதாக இருக்கலாம். சிட்டிகைக் கணக்கு சொல்லும் வரியின் கீழே யாரோ நகத்தால் கோடு இழுத்து, அளவைச் சரிபார்த்ததுபோல் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அதற்கடுத்து நேராகப் பூண்டு பற்றிய பத்தி. அந்தப் பத்திக்கு எதிரே ஓரத்தில், கோணல்மாணலான எழுத்தில், இரண்டு வரி.

“என்ன சார் எழுதியிருக்கு? எனக்கு லத்தீன் தெரியாது. கோடு கோடா இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

“ஒரு பேரு,” என்றேன். “கெத்தெரீனா. அஞ்சு வயசு நாலு மாசம். அப்புறம் ஒரு தேதி.”

“பொறந்த நாளா சார்?”

சிட்டிகைக் கணக்குக்கும் பூண்டுக்கும் நடுவே, அந்த வரி இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஏதோ வேலை கெட்டுவிட்டது, தன் பிரிவில்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள் போலும். அவசரமாக ஒரு விசையைத் தட்டினாள். மெழுகு போயிற்று. ரேகை போயிற்று. இரண்டு வரியும் போயிற்று. மற்ற பத்தையும்போல் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம் வந்து நின்றது.

“நாப்பது நிமிஷம் ஆச்சு சார் இந்த ஒரு பக்கத்துக்கு,” என்றாள். “ஆனா எவ்ளோ நீட்டா வந்திருக்கு பாருங்க.”